பன்னிரண்டு சிங்க முகம், ஒரு வெட்டுண்ட தலை: நாடகத்துக்கு அச்சு எடுப்பது பற்றி

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். மதுரைப் பக்கத்துக் கல்லூரி நாடகக் குழு. மேடையேற்றத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. அரசவைக் காட்சியில் நிற்கும் 12 காவலர்களுக்கும் மார்பில் ஒரே மாதிரி சிங்க முகம் வேண்டும். கடைசிக் காட்சியில் தளபதியின் வெட்டுண்ட தலை ஒரு தட்டில் வர வேண்டும். "வீடியோக்களில் எல்லோரும் சிலிக்கான் ரப்பரில்தான் அச்சு எடுக்கிறார்கள், அந்த விலை எங்களுக்குக் கட்டாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அச்சை எதில் எடுப்பது என்பது ஒன்று. அந்த அச்சுக்குள் எதைப் போட்டு வார்ப்பது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில்: பிளாஸ்டர் தாராளமாகப் போதும். இரண்டாவதற்கு: பிளாஸ்டர் கூடவே கூடாது.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் சிற்பக் கல்லூரியில் படித்தவன் அல்ல. பள்ளி நாட்களில் மூன்று கோடை விடுமுறை கொலு பொம்மைப் பட்டறையில் எடுபிடியாக இருந்தேன், அப்புறம் இருபது வருடமாக அமெச்சூர் குழுக்களுக்கும் பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் மேடைப் பொருட்கள் செய்து தருகிறேன். களிமண், பிளாஸ்டர், காகிதம், ரப்பர் பால் நான்கும் கைக்குப் பழகியவை. ஃபைபர் (கண்ணாடி இழையும் ரெசினும்) வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், கொடுத்துச் செய்து வாங்கியிருக்கிறேன், நானே செய்வதில்லை. அந்தப் பகுதி வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டரில் வார்க்கக் கூடாது என்று இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் என் முதல் கிரீடம். கொலு பொம்மை பழகிய கை, நேராக பிளாஸ்டரிலேயே வார்த்துத் தங்க வண்ணம் அடித்துவிட்டேன். பார்க்க அத்தனை அழகு. ராஜா வேடம் போட்டவர் இரண்டாம் காட்சியிலேயே கழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். மூன்றாம் காட்சியில் முனிவருக்குத் தலை வணங்கினார், கிரீடம் முனிவருக்கு முன்னால் விழுந்து நாலாக உடைந்தது. வெள்ளைத் தூள் மேடை முழுக்க. முனிவருக்கு வெறுங்கால் வேறு. கொலுப்படியில் பத்து நாள் அசையாமல் இருக்கும் பொருளுக்கு பிளாஸ்டர் சரி, மேடையில் ஓடி ஆடி விழுகிற பொருளுக்குச் சரிவராது. கூத்துக்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டவர்கள். கட்டைக்கூத்தில் கிரீடம், புஜகீர்த்தி என்ற தோளணி, மார்புப் பதக்கம் எல்லாவற்றையும் கல்யாணமுருங்கை மரத்தில்தான் செதுக்குவார்கள். ராத்திரி முழுக்க அதைச் சுமந்துகொண்டு சுற்றி ஆட வேண்டுமே. அவ்வளவு லேசான மரம் அது.

சரி, சிங்கத்துக்கு வருவோம். ஒரு சாணளவு அகல முகம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு பலகையில் குயவர் களிமண்ணைப் பிசைந்து முகத்தை உருவாக்குங்கள். நுணுக்கத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். முதல் வரிசைப் பார்வையாளரே பதினைந்து இருபது அடி தள்ளித்தான் இருப்பார். பிடரியை ஐந்தாறு தடித்த சுருளாகவும், புருவத்தை ஆழமான நிழல் விழும்படியும் செய்தால் போதும். மேடை விளக்கு மேலிருந்து வருவதால் மேடு பள்ளம் மிகையாக இருந்தால்தான் கண்ணில் படும். மயிரிழை மயிரிழையாகக் கீறி வைப்பது செய்தவர் மனத்திருப்திக்கு மட்டும்தான்.

கவனம் வேண்டிய இடம் வேறு. பிளாஸ்டர் அச்சு வளையாது. அதனால் களிமண் உருவத்தில் எங்கேயாவது கொக்கி போல உள்ளே வளைந்த இடம் இருந்தால், வார்ப்பு அங்கே மாட்டிக்கொண்டு வெளியே வராது. பட்டறையில் இதைச் சோதிக்க ஒரு எளிய வழி சொல்லித் தந்தார்கள். உருவத்துக்கு நேர் மேலே நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். தலையை அசைக்காமல் எல்லாப் பரப்பும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூக்குத் துவாரத்தின் உட்பக்கம், பிடரிச் சுருளின் அடி, திறந்த வாயின் மேலண்ணம் என்று மறைகிற இடம் எதுவோ அதுதான் மாட்டும். அதை மண் வைத்து நிரப்பிச் சரிவாக்கிவிடுங்கள். அந்த இருட்டைப் பிறகு கறுப்பு வண்ணத்தால் கொண்டுவந்துவிடலாம். ஓரச் சுவர்களும் செங்குத்தாக இல்லாமல் அடிப்பக்கம் போகப் போகக் கொஞ்சம் அகன்றிருக்கட்டும், கவிழ்த்த இட்லித் தட்டின் குழி மாதிரி.

பிளாஸ்டரை ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் வாங்கும் கடையில் மூட்டையாக வாங்குங்கள். புது மூட்டையா என்று கேட்டு வாங்குவது முக்கியம். காற்றின் ஈரம் குடித்துப் பழசான பிளாஸ்டர் இறுகாது, இறுகினாலும் உதிரும். ஒரு கிலோ சிலிக்கானின் விலையில் ஒரு மூட்டையே வந்துவிடும். எடையில் 10 பங்கு பிளாஸ்டருக்கு 7 பங்கு தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. நான் தராசு வைப்பதில்லை. பேசினில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, பிளாஸ்டரை விரலிடுக்கு வழியாகத் தூவிக்கொண்டே இருப்பேன். தூள் அமிழ்ந்துகொண்டே வரும், ஒரு கட்டத்தில் தண்ணீருக்கு மேல் சின்னச் சின்னத் தீவுகளாக நிற்கும். அங்கே நிறுத்தி, ஒன்றிரண்டு நிமிடம் தொடாமல் ஊறவிட்டு, கையை அடியில் விட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். மேலே அடித்துக் கலக்கினால் குமிழி வரும். தண்ணீரைப் பிளாஸ்டர் மேல் ஊற்றாதீர்கள், கட்டி தட்டும்.

முதல் பூச்சு மோர்க்குழம்பு பதத்தில் இருக்க வேண்டும். தூரிகையால் களிமண் முகத்தின் மேல் தெளித்து, பள்ளங்களுக்குள் வாயால் ஊதிவிடுங்கள். சிங்கத்தின் கண்ணோரத்தில் காற்று நின்றுவிட்டால் அச்சில் ஓட்டை விழும், வார்ப்பில் அது மருவாக வரும். அதன்மேல் இட்லி மாவு பதத்தில் இரண்டாம் பூச்சு, நடுவே பிளாஸ்டரில் நனைத்த தேங்காய் நார் அல்லது சாக்குத் துணித் துண்டுகள். மொத்தம் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் கனம் வந்தால் போதும். இந்த அளவு முகத்துக்கு அச்சு ஒன்றுக்கு மூன்று கிலோ பிளாஸ்டர் ஆகும். களிமண்ணுக்கும் பிளாஸ்டருக்கும் நடுவில் எண்ணெய் எதுவும் தேவையில்லை, ஈரக் களிமண் தானாகவே விட்டுவிடும். இறுகும்போது சூடாகும். பயப்படாதீர்கள், அது ரசாயன மாற்றத்தின் சூடு. ஜிப்சம் என்ற கனிமத்தைச் சுட்டுத்தான் பிளாஸ்டர் செய்கிறார்கள், அப்போது விரட்டிய தண்ணீரை அது திரும்பப் பிடித்துக்கொள்கிறது. சூடு வந்து ஆறியதும் திருப்பிப் போட்டு மண்ணைத் தோண்டி எடுங்கள், உருவம் சிதையும், போகட்டும். கழுவிவிட்டு நிழலில் காயவிடுங்கள். அச்சு காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

பேசினில் மிஞ்சிய பிளாஸ்டரை விடுதியின் வாஷ்பேசினில் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் போய்க் கல்லாகிவிடும், வார்டனுக்குப் பதில் சொல்ல முடியாது. பேசினிலேயே இறுகவிட்டுத் தட்டினால் சிப்பி மாதிரி கழன்று வரும்.

இப்போது வார்ப்பு. உங்கள் சிங்கத்துக்கு நான் சொல்வது காகிதம். கிழித்த செய்தித்தாள், மைதாக் கஞ்சி, அவ்வளவுதான். கத்தரியால் வெட்டாதீர்கள், கையால் கிழித்த விளிம்புதான் ஒன்றோடொன்று படிந்து கோடு தெரியாமல் ஒட்டும். முதல் அடுக்கைக் கஞ்சி இல்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்து அச்சுக்குள் அழுத்துங்கள், அப்போதுதான் அச்சோடு ஒட்டாது. இரண்டாவதிலிருந்து கஞ்சி. ஒரு அடுக்கு சாதாரணத் தாள், அடுத்தது வணிகப் பத்திரிகையின் இளஞ்சிவப்புத் தாள் என்று மாற்றி மாற்றிப் போட்டால் எங்கே விட்டுப்போயிற்று என்று பார்த்தவுடன் தெரியும். ஆறு அடுக்கு போதும், கடைசி இரண்டு அடுக்குக்கு நடுவில் ஒரு பழைய பருத்தித் துணி வைத்தால் மிதித்தாலும் கிழியாது. கஞ்சியில் துளி மயில்துத்தம் சேர்த்தால் பூச்சியும் பூஞ்சையும் வராது, ஆனால் அது விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பொம்மைக்காரர்கள் பலர் மைதாவுக்குப் பதில் புளியங்கொட்டைப் பசைதான் வைப்பார்கள். அதுதான் உறுதி என்று அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. மூன்று தடவை மேடையேறுகிற நாடகத்துக்கு எனக்கு மைதாவிலேயே குறை தெரிந்ததில்லை. இது பழக்கம் சார்ந்த விஷயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்துக்கு பிளாஸ்டர் அச்சு ஏன் பொருத்தம் என்றால், பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். கஞ்சியின் ஈரத்தை அடியிலிருந்து அச்சும் மேலிருந்து வெயிலும் இழுக்கும். சிலிக்கானில் இதே வேலையைச் செய்தால் அடிப்பக்கம் நாள்கணக்கில் சொதசொதவென்று கிடக்கும். வீடியோவில் வருகிறவர்கள் சிலிக்கானுக்குள் ஊற்றுவது ரெசின், தானாக இறுகிப் பிளாஸ்டிக்காகும் திரவம், அதற்கு உறிஞ்சல் தேவையில்லை.

நாள் கணக்கு பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் ஒரு காகித முகம் கழற்றும் பதத்துக்கு வர ஒரு முழு நாள் ஆகும். நனைந்த அச்சு அடுத்த வார்ப்புக்குக் காய இன்னும் அரை நாள். ஆக ஒரே அச்சில் 12 என்றால் 18 நாள், வண்ணம் அடிக்க நேரமே மிஞ்சாது. அதனால் மூன்று அச்சு வேண்டும். களிமண் உருவம்தான் போய்விட்டதே, மற்ற இரண்டை எப்படி எடுப்பது? முதல் காகித முகத்தை நன்றாகக் காயவைத்து, இரண்டு கை வார்னிஷ் அடித்து, மெழுகு பாலிஷ் தேய்த்து, முதுகுப் பக்கம் அமுங்காமல் இருக்கக் களிமண்ணை அடைத்து, அதையே மூலமாக வைத்து அடுத்த அச்சுகளை எடுங்கள். காகிதம் காயும்போது சற்றே சுருங்கும், நகலின் நகலில் கூர்மையும் கொஞ்சம் மழுங்கும். மூன்று சிங்கங்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும், மேடையில் தெரியாது. மூன்று அச்சு கைக்கு வந்துவிட்டால் 12 முகமும் ஆறே நாள். மழை பிடித்துக்கொண்டால் இந்தக் கணக்கை இரண்டால் பெருக்குங்கள்.

உங்களுக்கு ஒரு வசதி, மதுரைக்குப் பக்கத்திலேயே விளாச்சேரி இருக்கிறது. தலைமுறையாகப் பொம்மை செய்கிறவர்கள் இருக்கும் ஊர். அச்சு எப்படிக் கட்டுகிறார்கள், எப்படிக் கழற்றுகிறார்கள் என்று ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கே இத்தனை பத்தியில் எழுதுவதை அவர்கள் கை பத்து நிமிடத்தில் காட்டிவிடும். நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் மட்டும் போகாதீர்கள், தலை நிமிரக்கூட அவர்களுக்கு நேரம் இருக்காது.

வெட்டுண்ட தலைக்கு வருகிறேன். நடிகர் முகத்திலேயே அச்சு எடுக்கலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். எடுக்க முடியும், ஆனால் உங்கள் நிலையில் வேண்டாம் என்பேன். முறையாகச் செய்கிறவர்கள் பல் மருத்துவர்கள் அளவெடுக்கப் பயன்படுத்தும் ஆல்ஜினேட் வகையைத்தான் முகத்தில் பூசுவார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள் அது. சில நிமிடங்களில் ரப்பர் மாதிரி உறையும், மேலே பிளாஸ்டர் பேண்டேஜ் போட்டுத் தாங்குவார்கள். நாசித் துவாரத்தை மூடவே மாட்டார்கள், அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் நிற்பார். சளி, ஆஸ்துமா, மூடிய இடத்தில் பதற்றம் என்று எது இருந்தாலும் அவருக்குச் செய்ய மாட்டார்கள். ஆல்ஜினேட்டில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், வைத்திருந்தால் சுருங்கும். எடுத்தவுடனேயே வார்த்துவிட வேண்டும், ஒரு தடவைக்கு மேல் உதவாது.

ஆல்ஜினேட் கிடைக்கவில்லை என்று நேராக பிளாஸ்டரை முகத்திலோ கையிலோ கொட்டிவிடாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மேலே சொன்ன அந்தச் சூடு, கனமான பிளாஸ்டருக்கு நடுவில் சதையைச் சுட்டு வேக வைக்கும் அளவுக்கு ஏறும், இறுகிய பிறகு கையை இழுக்கவும் முடியாது. இங்கிலாந்தில் 2007-ல் பள்ளிக் கலை வகுப்பில் 16 வயது மாணவி ஒருவர் பிளாஸ்டர் வாளிக்குள் கைகளை வைத்து அச்சு எடுக்கப் போய்ப் பெரும்பாலான விரல்களை இழந்தார்.

இன்னொன்றும் யோசியுங்கள். தட்டில் இருக்கும் தலையை யாருடையது என்று பார்வையாளர் எப்படி அடையாளம் காண்கிறார்? மீசை, நெற்றிக் குறி, தலைப்பாகை, காதுக் கடுக்கன். மூக்கின் வளைவு அப்புறம்தான். நடிகரை எதிரில் உட்காரவைத்து ஒரு மாலை களிமண்ணில் முகத்தைப் பிடியுங்கள், அதிலிருந்து அச்சு எடுங்கள், பாத்திரத்தின் மீசையை அப்படியே ஒட்டுங்கள். நம்பிவிடுவார்கள்.

தலை முழு உருண்டை என்பதால் அச்சு இரண்டு பாதியாக வேண்டும். காதுக்குப் பின்னால் ஓடும் கோட்டில் களிமண் சுவர் கட்டி, முன்பாதிக்கு பிளாஸ்டர் போட்டு, அது இறுகியதும் சுவரை எடுத்துவிட்டு, விளிம்பில் அங்கங்கே காசளவு குழி சுரண்டுங்கள். பின்பாதியின் பிளாஸ்டர் அந்தக் குழிக்குள் இறங்கி மேடாகும், அப்புறம் இரண்டு பாதியும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்காரும். பின்பாதி போடுவதற்கு முன் முன்பாதியின் விளிம்பில் சோப்புக் கரைசலை மூன்று தடவை பூசித் துடையுங்கள். மறந்தால் இரண்டும் ஒரே கல்லாகிவிடும். நான் மறந்திருக்கிறேன், சுத்தியல் எடுக்க வேண்டியதாயிற்று.

தலைக்குள் வார்க்க ரப்பர் பால் மிக நன்றாக இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தோட்டத்திலிருந்து நேராக வாங்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். மரத்திலிருந்து வடித்த பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். அம்மோனியா சேர்த்து அடர்த்தியாக்கி, முன்பே வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்து உறுதியாக்கிய) பாலைக் கேட்டு வாங்குங்கள். காய்ந்த அச்சைப் பூட்டிக் கயிறு கட்டி, கழுத்து வழியாக நிரம்ப ஊற்றுங்கள். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க உட்சுவரில் ரப்பர் தோலாகப் படியும். அரை மணி கழித்து மிச்சத்தை வாளியிலேயே திரும்ப ஊற்றிவிடலாம், வீணாகாது. ஒன்றிரண்டு நாள் காயட்டும். கழற்றும் முன் உள்ளே முகப் பவுடரைக் கொட்டிக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு பிரிக்க வராது. இந்த அச்சுக்குள் எண்ணெய், வாசலின் எதுவும் தடவக் கூடாது, ரப்பரைக் கெடுக்கும். வண்ணத்தையும் ரப்பர் பாலிலேயே கலந்து அடியுங்கள், வெறும் பெயின்ட் வெடித்து உதிரும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலைக்கே வரக் கூடாது. உள்ளே பஞ்சு அடைத்து, அடியில் சின்ன மணல் பை ஒன்றை வையுங்கள். தட்டில் தலையைத் தூக்கி வருகிறவரின் கை கனத்தில் கொஞ்சம் தாழ வேண்டும். பஞ்சு மட்டும் அடைத்த தலையைச் சேவகன் அப்பளக் கட்டு மாதிரி தூக்கிக்கொண்டு வந்தால் துக்கக் காட்சியில் சிரிப்பு வந்துவிடும்.

சிலிக்கான் எப்போதுதான் தேவை என்றால், வளைவும் மடிப்பும் நிறைய உள்ள சின்னப் பொருளை, பக்கத்தில் வரும் கேமராவுக்காக, ரெசினில் பல பிரதி எடுக்கும்போது. மோதிரம், முத்திரை, வாளின் கைப்பிடி போன்றவை. அதை இறுக வைக்கும் பொருளைப் பொறுத்து டின் (வெள்ளீயம்) வகை, பிளாட்டினம் வகை என்று இரண்டு உண்டு. டின் வகை மலிவு, நாளாக நாளாகக் கொஞ்சம் சுருங்கும், சில வருடத்தில் அச்சு நொறுங்கும். பிளாட்டினம் வகை நீடிக்கும், ஆனால் கந்தகம் பட்டால் இறுகாது. எனக்கு இது தெரியாத காலத்தில், கந்தகம் கலந்த எண்ணெய்க் களிமண்ணில் செய்த முத்திரை மேல் பிளாட்டினம் வகையை ஊற்றினேன். மறுநாள் வெளிப்பக்கம் ரப்பர், முத்திரையைத் தொடும் உட்பக்கம் மட்டும் பலாப்பழப் பிசின். இரண்டு கிலோ போச்சு. ரப்பர் கையுறையாலும் இதே கெடுதல் வரும்.

ஃபைபரில் செய்தால் சிங்கம் பல வருடம் உழைக்கும். ஆனால் பாலியெஸ்டர் ரெசினின் நெடி விடுதி அறைக்கு ஆகாது. அதை இறுக வைக்க அதோடு வரும் கோபால்ட், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அவ்வளவு ஆசையாக இருந்தால் அச்சை ஃபைபர் பட்டறையில் கொடுத்துச் செய்து வாங்குங்கள், எவ்வளவு கனம் போதும் என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். தெர்மாகோலில் உருவம் செதுக்கி அதன்மேல் நேராக இந்த ரெசினைப் பூசலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கண்ணெதிரே உருகிக் குழிந்துவிடும்.

வண்ணத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் முழுக்கக் கறுப்பு. காய்ந்ததும் தூரிகையில் தங்க வண்ணம் தொட்டு, முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் உரசிப் போங்கள். பள்ளத்தில் கறுப்பு நிற்கும், பழைய பித்தளை மாதிரி தெரியும். மார்புக் கவசத்தில் பசையால் மட்டும் ஒட்டாமல் நாலு இடத்தில் துளையிட்டுக் கம்பியால் கட்டுங்கள், வேர்வையில் பசை விடும்.

அப்புறம், அச்சுகள் கையில் இருக்கும்போதே 14 முகமாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகை நடக்கும்போது நாற்காலியில் காயவைத்த சிங்கத்தின் மேல் யாராவது ஒருவர் கட்டாயம் உட்காருவார்.